இரட்டைப் படகில் இளைஞர் பயிற்சி



கட்டுமரம் என்ற சொல் நம்முடைய சொல். மிதக்கும் மரத்துண்டுகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டுவதால் அதற்கு அந்தப் பெயர். சோழமண்டலக் கரையில் மீனவர்கள் அதில் ஏறிக் கடலுக்குப் போவதைப் பார்த்த வெள்ளைக்காரர்கள், அந்தச் சொல்லைத் தங்கள் மொழிக்கும் கொண்டு போனார்கள். வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி 1697-இல் வெளியிட்ட பயண நூலில் அந்தச் சொல் வருகிறது. நாளடைவில் அது 'கேட்டமரான்' என்று உருமாறி உலகம் முழுவதும் பரவிற்று.

ஆனால், ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வோம். இன்று கேட்டமரான் என்று அழைக்கப்படுவது நம் மீனவரின் கட்டுமரம் அன்று. இரண்டு மெல்லிய உடல்களைப் பக்கம் பக்கமாக வைத்து, நடுவில் குறுக்குச் சட்டங்களால் பிணைத்து, மேலே பாய்மரம் நாட்டிய இரட்டைப் படகு அது. அந்த அமைப்பைப் பழங்காலத்திலேயே கையாண்டு பெருங்கடலைத் தாண்டியவர்கள் பசிபிக் தீவு மக்கள். பெயர் நம் கரையிலிருந்து போனது. வடிவம் அவர்கள் கரையிலிருந்து வந்தது.

இந்த இரட்டைப் படகில் பந்தயம் ஓட்டும் இளைஞர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். "தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் கடல் பந்தயத்துக்கும் என்ன தொடர்பு? அது பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு அல்லவா?" என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதை ஒதுக்கிவிட மாட்டோம். பேச்சின் முடிவில் அதற்குப் பதில் சொல்வோம். முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம்.

ஒற்றைப் படகைவிட இரட்டைப் படகு ஏன் வேகமாக ஓடுகிறது? இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

பாயில் காற்று மோதும்போது, படகை முன்னே தள்ளுவதோடு பக்கவாட்டில் சாய்க்கவும் பார்க்கிறது. ஓடும் பஸ்ஸில் கால்களைச் சேர்த்து வைத்து நின்றால் நாம் தடுமாறுகிறோம். அகட்டி வைத்து நின்றால் தடுமாற்றம் குறைகிறது. பெரிய ஒற்றைப் படகு சாயாமல் இருக்க அதன் அடியில் ஈயமோ இரும்போ கட்டி எடை ஏற்றுகிறார்கள். அந்த எடையையும் காற்றுத்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். இரட்டைப் படகுக்கு அந்தச் சுமை வேண்டாம். அதன் இரண்டு உடல்களும் கால்களை அகட்டி வைத்ததுபோல் விலகி நிற்கின்றன. இது முதல் காரணம்.

இரண்டாவது, தண்ணீரின் தடை. அகலமான படகு ஓடும்போது தண்ணீரைப் பெரிதாக ஒதுக்கி அலை எழுப்புகிறது. அந்த அலையை எழுப்புவதிலேயே அதன் பலம் செலவாகிவிடும். மெல்லிய உடல்களோ கத்திபோல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். பாரமும் குறைவு, தடையும் குறைவு. ஆகவே வேகம் கூடுகிறது.

காண்டா கம்பை நம் பெரியவர்கள் நன்றாக அறிவார்கள். இரு முனைகளிலும் பால் வாளி தொங்க, தோளில் கம்பைச் சுமந்து நடந்தவர்கள் அவர்கள். ஒரு பக்கத்து வாளி கனத்தால் மறுபக்கத்தைச் சரி செய்துகொள்ள வேண்டும். இரட்டைப் படகிலும் அதே கணக்குத்தான். காற்று ஒரு பக்கம் அழுத்தும்போது, படகோட்டி மறுபக்கத்து விளிம்பில் கால்களை ஊன்றி, பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் இடுப்பு வாரைக் கொக்கியிட்டு, உடல் முழுவதையும் தண்ணீருக்கு மேலே வெளியே சாய்த்து நிற்பார். அவர் உடம்புதான் அந்த மறுபக்கத்து வாளி. காற்று வீசும் பக்கத்து உடல் தண்ணீரை விட்டு மெல்ல எழும்பி, தொட்டும் தொடாமலும் பறக்கும்போது படகு நல்ல வேகத்தில் போகும். அதற்கு மேல் ஒரு முழம் எழும்பினாலும் படகு கவிழ்ந்துவிடலாம். இந்த இரண்டுக்கும் இடையில் படகை வைத்திருப்பதே பயிற்சியின் சாரம்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. காற்றே இல்லாத விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறோம். முகத்தில் காற்று அடிக்கிறது. அந்தக் காற்றை உண்டாக்கியது நம் வேகம். படகிலும் அப்படியே. வடக்கிலிருந்து மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். படகு கிழக்கு நோக்கி அதே 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. படகில் இருப்பவர் உணரும் காற்று வடக்கிலிருந்து வராது, வடகிழக்கிலிருந்து வரும். அதன் வேகமும் 20 அன்று, ஏறத்தாழ 28 கிலோமீட்டராக இருக்கும். படகு விரைய விரைய, அது உணரும் காற்றும் கூடுகிறது. அந்தக் காற்று முன்பக்கமாகவும் நகர்கிறது. நேராகப் பெய்யும் மழை, சைக்கிளில் போகிறவனுக்கு முகத்தில் சாய்ந்து அடிப்பது போன்றது இது. மெதுவான படகில் இந்த மாற்றம் சிறியது. இரட்டைப் படகில் அது மிகப் பெரியது. வேகப் படகு ஓட்ட விரும்பும் இளைஞர் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுதான்.

இங்கேதான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. சிறிய ஒற்றைப் படகில் பழகிய பிள்ளை, திடீரென்று பலமான காற்று வந்தால் படகைக் காற்றை நோக்கித் திருப்பப் பழகியிருக்கும். அப்படித் திருப்பினால் பாயின் பலம் குறைந்து படகு நிமிர்ந்துவிடும். ஆனால், இரட்டைப் படகில் பெரிய முன்பாயை விரித்துக்கொண்டு காற்றோடு விரையும்போது அதே பழக்கம் கெடுதல் செய்யும். காற்றை நோக்கித் திருப்பினால் பாயில் அழுத்தம் இன்னும் ஏறும், படகு புரளும். அப்போது காற்றை விட்டு விலக்கித்தான் திருப்ப வேண்டும். அத்துடன் எடையைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் படகின் மூக்கு தண்ணீருக்குள் குத்தி, பின்பகுதி தூக்கி, படகு குட்டிக்கரணம் போட்டுவிடும். நேற்று வரை சரியாக இருந்த பழக்கம் இன்று தவறாகிறது. பழையதை மறந்து புதியதைக் கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழக வேண்டும். அதற்கு வயதும் காலமும் தேவை. ஆகவேதான் இளமையிலேயே, சிறிய இரட்டைப் படகிலேயே, இந்தப் பயிற்சியைத் தொடங்குகிறார்கள்.

இனி, இந்தப் பந்தயம் வளர்ந்த கதையைச் சுருக்கமாகக் காண்போம்.

1876-இல் நியூயார்க் நகரில் நடந்த பந்தயத்தில் நத்தானியல் ஹெரஷாஃப் என்னும் அமெரிக்கர் 'அமரில்லிஸ்' என்ற இரட்டைப் படகைக் கொண்டுவந்தார். மற்றப் படகுகளை அது எளிதில் முந்திச் சென்றது. விளைவு என்ன தெரியுமா? இரட்டைப் படகுகளைப் பந்தயத்தில் சேர்ப்பதில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1976-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் இரட்டைப் படகுக்கு இடம் கிடைத்தது. ரோட்னி மார்ச் என்னும் ஆங்கிலேயர் 1967-இல் வடிவமைத்த 'டொர்னாடோ' என்ற இருபது அடிப் படகு அது.

இதற்கிடையில் அமெரிக்காவில் ஹோபி ஆல்ட்டர் என்பவர் அலைச் சறுக்குப் பலகை செய்யும் தொழிலில் இருந்தார். கடற்கரை மணலிலிருந்தே தள்ளி ஏறக்கூடிய எளிய இரட்டைப் படகு ஒன்றை அவர் உருவாக்கினார். 'ஹோபி 16' என்னும் அந்தப் படகு உலகமெங்கும் பரவியது. தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளிலும் அது இடம் பெற்றிருக்கிறது. எத்தனையோ இளைஞர்கள் இரட்டைப் படகை முதன்முதலில் தொட்டது அதில்தான்.

பிறகு ஒரு சோதனை வந்தது. 2008-ஆம் ஆண்டுப் போட்டிக்குப் பிறகு டொர்னாடோ படகு ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இரட்டைப் படகுக்கு இடமே இல்லை. இதனால் பாதிக்கப்பட்டவர் யார்? வயது வந்த வீரர்கள் மட்டும் அல்லர். கீழ்ப்படியில் நின்றுகொண்டிருந்த பிள்ளைகளும்தாம். ஆறாம் வகுப்பு வரை மட்டுமே உள்ள பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் மனநிலை எப்படி இருக்கும்? ஏழாம் வகுப்பு எங்கே என்று தெரியாமல் படிப்பில் ஊக்கம் பிறக்குமா? மேல்படி உடைந்தால் ஏணி முழுவதுமே வீணாகிறது. அந்த நிலைதான் அன்று ஏற்பட்டது.

2016 ரியோ ஒலிம்பிக்கில் இரட்டைப் படகு திரும்பி வந்தது. இம்முறை 'நாக்ரா 17' என்னும் படகு. நீளம் ஐந்தே கால் மீட்டர். ஒரு புதிய விதியும் சேர்ந்தது: ஒவ்வொரு படகிலும் ஓர் ஆண், ஒரு பெண் என இருவர் ஓட்ட வேண்டும். ரியோவில் சிங்கப்பூரின் சார்பில் ஜஸ்டின் லியூ, டெனிஸ் லிம் ஆகிய இருவரும் இந்தப் படகை ஓட்டினார்கள். தங்கப் பதக்கம் வென்றவர்கள் அர்ஜெந்தினாவின் சந்தியாகோ லாங்கே, செசிலியா கர்ரான்சா இணையர். லாங்கேக்கு அப்போது வயது 54. புற்றுநோய்க்காக நுரையீரலில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மனிதர் அவர்.

மேல்படி திரும்பி வந்ததும் கீழ்ப்படியையும் சீராக்கினார்கள். நாக்ரா 17 படகின் தம்பி என்று சொல்லத்தக்க 'நாக்ரா 15' என்ற சிறிய படகு, இளைஞர்களுக்கான உலகப் படகாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இதன் நீளம் 4.7 மீட்டர். இதிலும் இருவர் ஓட்டுகிறார்கள். ஒருவர் சுக்கான் பிடிக்கிறார். மற்றவர் கம்பியில் தொங்கியபடி பாய்க்கயிற்றை இழுத்தும் விட்டும் காற்றுக்கு ஈடு கொடுக்கிறார். 2018-இல் அர்ஜெந்தினாவின் போனஸ் அயர்ஸ் நகரில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில், ஓர் இளைஞனும் ஒரு யுவதியும் சேர்ந்து ஓட்டும் போட்டியாகவே இது நடந்தது.

நம் மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. 2015-ஆம் ஆண்டின் இளையோர் உலகப் படகுப் போட்டி லங்காவித் தீவில் நடந்தது. ஆண்டு முடிவில் தொடங்கி 2016 புத்தாண்டு வரை நீடித்த அந்தப் போட்டிக்குப் பல நாடுகளிலிருந்து பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வந்திருந்தார்கள். இரட்டைப் படகுப் பிரிவும் அதில் இருந்தது. நம் மீனவர் வலை வீசும் அதே அந்தமான் கடலோரத்தில்தான் அவர்கள் காற்றைப் படித்தார்கள்.

சரி, இந்தப் படிகளில் ஏறிப் போனால் மேலே என்ன இருக்கிறது? பறக்கும் படகு இருக்கிறது. இது மிகைப்பேச்சு அன்று. படகின் அடியில் ஆகாய விமானத்தின் இறக்கை போன்ற பலகைகளைப் பொருத்துகிறார்கள். வேகம் வந்தவுடன் அந்த இறக்கைகள் படகைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. ஆகவே சின்ன இறக்கையே பெரிய பாரத்தைத் தூக்கும். உடல் தண்ணீரைத் தொடாததால் தடை வெகுவாகக் குறைகிறது. நாக்ரா 15 படகில் உள்ள வளைந்த பலகைகள் எடையில் ஒரு பங்கைத் தாங்கி, பிள்ளைகளுக்கு இந்த உணர்வைச் சிறிது காட்டுகின்றன. 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் நாக்ரா 17 முழுமையாக எழும்பிப் பறந்தது. அங்கும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இத்தாலியின் ருஜெரோ தீத்தா, காத்தரீனா பாந்தி இணையரே தங்கம் வென்றார்கள். 2023 ஜனவரியில் சிங்கப்பூரில் ஓடிய பதினைந்து மீட்டர் நீள 'எஃப் 50' படகுகளும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. நல்ல காற்றில் அவற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டரைத் தொடும். எஞ்சின் கிடையாது, காற்று ஒன்றே பலம்.

கீழ்ப்படியிலிருந்து மேல்படிக்குப் போக முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2013-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் இளைஞர்களுக்கென்று அமெரிக்கக் கோப்பைப் போட்டி ஒன்று நடத்தினார்கள். நாற்பத்தைந்து அடி நீள இரட்டைப் படகுகளில், 19 முதல் 24 வயது வரை உள்ளவர்கள் ஓட்டினார்கள். நியூசிலாந்தின் பீட்டர் பர்லிங் தலைமையில் சென்ற குழு வென்றது. நான்கே ஆண்டுகளில், 2017-இல், பெர்முடாவில் நடந்த பெரியவர்களின் அமெரிக்கக் கோப்பைப் போட்டியில் பறக்கும் இரட்டைப் படகின் சக்கரத்தைப் பிடித்து வென்றவரும் அதே பர்லிங்தான். அப்போது அவருக்கு வயது 26. ஆனால், உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும். இரட்டைப் படகு மட்டுமே அவரை உருவாக்கவில்லை. விரைவான ஒற்றைப் படகில் ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றவர் அவர். இரட்டைப் படகு ஒரு படி. அதுவே ஏணி முழுவதும் அன்று. 2021 முதல் அமெரிக்கக் கோப்பையே ஒற்றை உடல் கொண்ட பறக்கும் படகுக்கு மாறிவிட்டது. படகின் வடிவம் மாறும். வேகத்தில் நிதானமாக முடிவெடுக்கக் கற்ற மனம் மாறாது.

ஆபத்தைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். 2013 மே மாதம், அதே சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில், பயிற்சியின்போது ஒரு பெரிய இரட்டைப் படகு கவிழ்ந்து முறிந்தது. ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஆண்ட்ரூ சிம்ப்சன் என்ற ஆங்கில வீரர் அதன் கீழே அகப்பட்டு உயிரிழந்தார். அத்தனை தேர்ந்தவருக்கே அந்தக் கதி என்றால், பயிற்சி இல்லாதவர் வேகப் படகில் ஏறுவது எவ்வளவு தவறு! ஆகவேதான் பயிற்சியாளர்கள் பிள்ளைகளுக்கு முதலில் வேகத்தைக் கற்றுத் தருவதில்லை. கவிழ்வதைக் கற்றுத் தருகிறார்கள். மிதவைச் சட்டையைக் கழற்றாதே. படகு கவிழ்ந்தால் படகை விட்டு நீந்திப் போகாதே; கரை கிட்டத்தில் இருப்பதுபோல் தோன்றும், ஆனால் எட்டாது. மூக்கைக் காற்றுப் பக்கம் வரவிடு. நிமிர்த்தும் கயிற்றைப் பிடித்து இருவரும் சேர்ந்து பின்னால் சாயுங்கள். கயிறு சுற்றிக்கொண்டால் அறுக்க இடுப்பில் கத்தி வைத்திரு. இப்படிப் பல முறை கவிழ்த்து, பல முறை நிமிர்த்திய பிறகே பந்தயத்துக்கு அனுப்புகிறார்கள்.

இனி, முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இந்த விளையாட்டுக்குப் பணம் வேண்டும் என்பது உண்மை. ஒரு தொழிலாளி குடும்பம் தன் கையிலிருந்து நாக்ரா 15 படகு வாங்க முடியாது. வாங்க வேண்டும் என்று நாமும் சொல்லவில்லை. சங்கத்தின் படகு, பள்ளியின் படகு, அரசாங்கப் பயிற்சி நிலையத்தின் படகு ஆகியவற்றில் பழகியே எத்தனையோ பிள்ளைகள் மேலே வருகிறார்கள். பெரும்பாலோர் தொடங்குவது 'ஆப்டிமிஸ்ட்' என்னும் சின்னஞ்சிறு படகில். அதன் நீளம் இரண்டரை மீட்டர்கூட இல்லை. பதினைந்து வயது வரை அதில் ஓட்டலாம். பிறகு உடல் வளர்ந்ததும் அடுத்த படகுக்குப் போக வேண்டும். இரட்டைப் படகு அப்படி வரும் வழிகளில் ஒன்று. ஓட்டுவது ஒன்றுதான் வேலை என்றும் எண்ண வேண்டாம். பாய் தைப்பவர், உடல் பழுது பார்ப்பவர், மீட்புப் படகு ஓட்டுபவர், பந்தயத்தை நடத்துபவர் என்று பல கைத்தொழில்கள் இதைச் சுற்றி இருக்கின்றன.

ஆனால், இந்த ஏணியின் முதல் படி படகு அன்று, நீச்சல். அது இல்லாமல் எந்தப் பயிற்சியாளரும் பிள்ளையைப் படகில் ஏற்ற மாட்டார். இதைச் சொல்லும்போது நம் மனம் கனக்கிறது. ஆற்றிலும் ஈயக் குட்டையிலும் குளிக்கப் போய் உயிரிழந்த பிள்ளைகளின் வீடுகள் நம் நடுவே உண்டு. "தண்ணீர்ப் பக்கம் போகாதே" என்று கண்டிப்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். பிள்ளைகளோ போகாமல் இருப்பதில்லை, தெரியாமல் போகிறார்கள். தடுப்பதைவிடக் கற்றுக் கொடுப்பதே காவல். பட்டணத்துக் குளத்தில் நீச்சல் வகுப்பு நடக்கிறதா, பள்ளியில் அதற்கு வழி உண்டா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ஒருவர் கேட்டால் கேள்வியாக இருக்கும். பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால் அது ஏற்பாடாக மாறும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒலிம்பிக் இரட்டைப் படகில் பெண் துணைக்கு வருபவள் அல்லள். அவள் கயிற்றை விட்டால் படகு கவிழும். இருவருக்கும் ஒரே பதக்கம். மகனுக்கு நீச்சல் கற்றுக் கொடுக்க நினைக்கும் தாய் தந்தையர், மகளையும் கூட அனுப்புங்கள்.

நம் பிள்ளைகள் எல்லாரும் ஒலிம்பிக்குக்குப் போகப் போவதில்லை. ஆனால், தண்ணீரில் விழுந்தால் பதறாமல் மிதக்கத் தெரிந்த பிள்ளை வீடு திரும்பும். அந்த முதல் படியில் ஏறிவிட்டால், அடுத்த படி எது என்பதை அந்தப் பிள்ளையே கண்டுகொள்ளும்.